ஆத்தா ஏறட்டும்!

பழனி வழியாகப் பாலக்காடு செல்லும் ரயில் சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்புகிறது. கிளம்புவதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் அதன் ஸ்லீப்பர் பெட்டிகளில் ஏறி நின்றால், ஒரே கேள்வி பல குரல்களில் காதில் விழும்: "தம்பி, உங்களுக்கு லோயரா? அம்மாவுக்கு முட்டி வலி. மாத்திக்கலாமா?"

கேட்பவர் பெரும்பாலும் மகன் அல்லது மகள்தான். வயதானவர் வாய் திறப்பதில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மேலே ஏறும் இரும்பு ஏணியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு தலையைக் குனிந்துகொள்வார்.

ரயில்வே இதற்கு ஏற்பாடு செய்யாமல் இல்லை. ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியிலும் 6 முதல் 7 கீழ்ப் படுக்கைகளும், மூன்றடுக்கு ஏசி பெட்டியில் 4 முதல் 5-ம், இரண்டடுக்கு ஏசியில் 3 முதல் 4-ம் மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் அந்த ஒதுக்கீடு, முதியவர் தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுக்கும்போதுதான் கிடைக்கும். பிள்ளைகள், பேரன் பேத்திகளோடு ஒரே டிக்கெட்டில் குடும்பமாகப் பதிவு செய்தால் எந்தப் படுக்கை மிச்சமோ அதுதான். குலதெய்வத்துக்கும் பழனிக்கும் குடும்பத்தோடு போவதுதானே நம் வழக்கம்? அதனால் பிள்ளைகள் பாசத்தோடு அழைத்துப்போகும் தாத்தாவுக்குத்தான் பெரும்பாலும் அப்பர் பெர்த் விழுகிறது. வண்டி கிளம்பிய பிறகு கீழ்ப் படுக்கை காலியாக இருந்தால் அதை முதியவருக்கு மாற்றிக்கொடுக்க டிக்கெட் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. காலியாக இருந்தால்தான். பழனி வண்டியில் கிருத்திகையை ஒட்டிய நாட்களில் அதற்கு வாய்ப்பே இல்லை.

மிச்சமிருப்பது மனிதர்கள்தான். பெரம்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவருக்கு எதிரே ஒரு கல்லூரி மாணவர். கீழ்ப் படுக்கை அவருடையது. பெரியவரின் மகன் கேட்க வாயெடுப்பதற்குள் மாணவரே எழுந்துவிட்டார். "தாத்தா, நான் மேல போய்க்கிறேன். கொஞ்சம் படிக்கணும், எனக்கு அங்கதான் லைட்டு வசதி." சொல்லிவிட்டுச் சரசரவென்று ஏறிப்போனார். வண்டி ஆவடியைத் தாண்டுவதற்குள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடித் தூங்கியும் போனார். படிக்க வேண்டியது எதுவும் இருந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் தனக்காக ஒருவர் இடம் விட்டுக்கொடுத்தார் என்ற பாரம் பெரியவர் மேல் விழவில்லை. வெறும் இடமாற்றமாக அது முடிந்துவிட்டது. உதவி செய்வதில் இது கொஞ்சம் நுட்பமான வகை.

ரயிலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் வரை 60 வயது நிரம்பிய ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதமும், 58 வயது நிரம்பிய பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. கொரோனா பரவத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். தொற்று போய்விட்டது, ரயில்கள் முன்புபோல ஓடுகின்றன, அந்தச் சலுகை மட்டும் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மகள் வீட்டுக்கும் கோயிலுக்கும் போய்வரும் ஓய்வூதியமில்லாத முதியவருக்கு அந்தப் பாதிக் கட்டணம் பெரிய தொகை. அதைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

பின்னிரவு. சேலத்துக்கு முன்போ பின்போ, பெட்டி முழுக்கக் குறட்டை. பெரியவர் எழுந்து கழிவறைப் பக்கம் நடக்கிறார். ஓடும் ரயிலில் வயதானவர்களுக்கு அபாயமான இடம் இதுதான். இரண்டு கதவுகளுக்கு நடுவே பிடிப்பே இல்லாத நாலடி தூரம், ஈரமான தரை, சில நேரம் திறந்தே கிடக்கும் வாசல் கதவு. சைடு லோயரில் படுத்திருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பெரியவர் வெளியே வரும்வரை தண்ணீர்க் குழாயருகே நின்றார். பெரியவர் தன்னைப் பார்த்ததும், "எந்த ஸ்டேஷன்னு பாக்க வந்தேனுங்க" என்றார். இருவரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்கள்.

*

திண்டுக்கல்லைத் தாண்டினால் வண்டி மேற்கே திரும்புகிறது. இடப்பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர் கூடவே வருகிறது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளின் வாசனை. அதற்குப் பிறகு பெட்டிக்குள் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்புகின்றன. மலை தெரிந்ததும் "அரோகரா" என்று ஒரு குரல் கிளம்ப, தூக்கம் கலையாத குழந்தைகளும் கைகூப்புகின்றன.

பழனி முதியவர்களின் ஊர் என்று சொன்னால் தவறில்லை. அறுபதாம் கல்யாணம் முடித்தவர்கள், பேரனுக்கு முடியிறக்க வந்தவர்கள், முப்பது வருடத்துக்கு முன் நேர்ந்துகொண்டதை இப்போது செலுத்த வந்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்பது 693 படிகள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு முதல் விஞ்ச் 1966-ல் வந்தது. இழுவை ரயில் என்றும் சொல்வார்கள். சரிவில் தண்டவாளம், மேலிருந்து இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் பெட்டி. 2004 நவம்பரில் ரோப் காரும் சேர்ந்தது. காற்று பலமாக அடித்தால் ரோப் கார் நிற்கும். ஆண்டுக்கொருமுறை பராமரிப்புக்காகவும் நிறுத்துவார்கள். அப்போது விஞ்ச் வரிசை அடிவாரத்தில் நீண்டு கிடக்கும்.

கிரிவீதியும் இப்போது மாறியிருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பிறகு ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, 2024 முதல் தனியார் வாகனங்கள் உள்ளே வருவதற்குத் தடை. கோயில் நிர்வாகத்தின் இலவச பேட்டரி கார்கள் மலையைச் சுற்றி ஓடுகின்றன. ஹாரன் சத்தத்துக்கு அஞ்சிச் சுவரோரமாக ஒதுங்கி நடந்த கிழவிகள் இப்போது நடுவீதியில் நடக்கிறார்கள். பேட்டரி கார் ஓட்டுநர்களில் சிலர் கையசைக்காத முதியவருக்கும் வண்டியை நிறுத்துகிறார்கள். "ஏறுங்காத்தா, காசு கெடையாது" என்று அந்த ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லிவிடுகிறார்கள். காசு கேட்பார்களோ என்ற தயக்கத்திலேயே பல பேர் நடந்தே போய்விடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பழகித் தெரிந்திருக்கிறது.

விஞ்சும் ரோப் காரும் இருந்தும் நடந்தேதான் ஏறுவேன் என்கிற முதியவர்கள் ஏராளம். நேர்த்திக்கடன் அப்படி. அவர்களுக்கு யானைப்பாதை இருக்கிறது. செங்குத்துப் படிகளுக்குப் பதிலாகச் சாய்வாக வளைந்து போகும் வழி. அங்கே ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றால் ஒன்று புரியும்: வயதானவரோடு மலையேறத் தெரிந்தவர்கள் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஒரு எட்டுப் பின்தங்கி, பக்கவாட்டில் வருகிறார்கள். பாட்டி நின்றால் நிற்கிறார்கள். "முடியுதா? முடியுதா?" என்று கேட்டு நச்சரிப்பதில்லை. பேத்தி ஒருத்தி, பாட்டி மூச்சு வாங்க நின்ற ஒவ்வொரு முறையும் தன் செருப்பில்லாத காலைத் தூக்கி, கல் ஏதோ குத்திவிட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன கண்ணு, முள்ளா?" என்று பாட்டிதான் அவளை விசாரித்தாள். இருவருக்குமே அந்த ஓய்வு தேவையாகிவிட்டது.

அடிவாரத்தில் முடிக்காணிக்கை செலுத்துமிடம். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பர் முதல் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. முடியிறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. கூட்டம் அலைமோதும் நாளில் ஒரு தலைக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது. அப்படிப்பட்ட அவசரத்தில், தலை இடைவிடாமல் ஆடும் ஒரு பெரியவர் மணையில் வந்து உட்கார்ந்தார். நடுக்குவாதம். கத்தி வைத்தால் கீறிவிடும் என்று அவருடைய மகனே பின்வாங்கினார்.

தொழிலாளி பதில் சொல்லவில்லை. தண்ணீரை இரண்டு முறை அள்ளித் தலையில் ஊற்றி, உள்ளங்கையால் நெடுநேரம் தேய்த்தார். பிறகு இடது கையை விரித்துப் பெரியவரின் தாடையை ஏந்திக்கொண்டார். அழுத்திப் பிடிக்கவில்லை. தலை ஆடும்போது அந்தக் கையும் ஆடியது. கொஞ்ச நேரத்தில் கையும் தலையும் ஒரே அசைவுக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் வலது கை பிளேடை எடுத்தது. நெற்றியிலிருந்து உச்சிக்கு ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். காதுக்குப் பின்னால் வரும்போது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மணையில் அதற்குள் மூன்று குழந்தைகள் அழுது முடித்து எழுந்துபோயிருந்தன. ஒரு கீறல்கூட இல்லாமல் முடித்து, சந்தனத்தைக் குழைத்து அவரே பூசிவிட்டார். மகன் நீட்டிய நோட்டை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்து, "அப்பாரைப் பையக் கூட்டிட்டுப் போங்க, வெயில் ஏறுது" என்றார். அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

*

தைப்பூசத்துக்கு வருபவர்கள் இந்த மலையை இன்னொரு விதமாக அறிவார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் 400 ஆண்டுகளுக்கும் மேலாகக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து வருகிறார்கள். செட்டிநாட்டிலிருந்து புறப்படும் அந்த நடையிலும், மதுரை, திருச்சி, கோவை, ஈரோட்டுப் பக்கங்களிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான குழுக்களிலும் நரைத்த தலைகள் நிறைய. வழியோரக் கிராமங்கள் அவர்களுக்காகவே விழித்திருக்கின்றன. பந்தலில் சுக்குக் காப்பி, மோர், வெந்நீர். வீட்டுத் திண்ணையில் பாய். முன்பின் தெரியாத கிழவியின் காலை மடியில் எடுத்து வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிடும் பெண்களை அந்தப் பாதையில் சாதாரணமாகப் பார்க்கலாம். பாதயாத்திரைக் குழுக்களில் பழக்கப்பட்ட ஒரு முறையும் உண்டு. வேகமாக நடப்பவர்களை முன்னே விடாமல், மெதுவாக நடக்கும் வயதானவர்களை முன்வரிசையில் விட்டு, அவர்கள் நடைக்கு மற்றவர்கள் நடப்பது. மருத்துவமனை வரிசையிலும் வங்கி வரிசையிலும் நாம் இதை மறந்துவிடுகிறோமே என்று தோன்றாமல் இராது.

மலைக்கோயிலின் அன்னதானம் முன்பு மதிய வேளைக்கு மட்டும் இருந்தது. 2012 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் அது நாள் முழுவதற்குமானது. பந்தி மாற்றும் வேகத்தில் பரிமாறுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பல் போன ஒரு தாத்தா சோற்றை இலையில் ஒதுக்கி ஒதுக்கி உருட்டிக்கொண்டிருந்தார். அவர் வரிசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நெருக்குகிறார்கள். ரச வாளியோடு வந்த பெண் குனிந்தார். "இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா? நல்லாப் பெசஞ்சு சாப்புடுங்க, அவசரமில்ல." வாளியை அவர் இலைக்கு எதிரே தரையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டார். அவரைத் தாண்டி யாரும் அந்த வரிசையில் இலையெடுக்க வரவில்லை. தாத்தா கடைசிக் கவளத்தையும் விழுங்கி, இலையை மடித்த பிறகுதான் வாளி எழுந்தது.

*

பழனி பேருந்து நிலையத்திலிருந்து நெய்க்காரப்பட்டிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் முற்பகல் வேளையில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து இந்தக் காட்சி தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் உண்டு. பஸ்ஸுக்குக் காசு கேட்டு மருமகளிடம் நிற்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, சந்தைக்கு, கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆண்களுக்கு இந்த வசதி இல்லை. சென்னையில் மட்டும் 60 வயது நிரம்பிய இருபாலருக்கும் மாதம் 10 இலவச டோக்கன் தரும் திட்டம் 2016 முதல் இருக்கிறது.

டிக்கெட் இலவசமானாலும் படிக்கட்டு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நம் பேருந்துகளின் முதல் படி, குட்டையான ஒரு பாட்டிக்கு முழங்காலுக்கும் மேலே நிற்கும். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. நிறுத்தத்தில் நின்றதும் ஏறும் பக்கம் சற்றே சாய்ந்து தாழும் வசதி அவற்றில் உண்டு. கிராமத்துச் சாலைக்கு அவை எப்போது வருமோ. அதுவரை நடத்துநரின் கைதான் தாழ்தளம்.

நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பேர்போன ஊர். சாலையின் இருபுறமும் கரும்பு. ஒரு நிறுத்தத்தில் கனமான ஒயர்கூடையோடு ஒரு ஆத்தா. நடத்துநர் இறங்கினார். ஆத்தாவின் கையைப் பிடிக்கவில்லை. முதலில் கூடையை வாங்கி இன்ஜின் பேனட் மேல் வைத்தார். இரண்டு கையும் காலியானதும் ஆத்தா தானாகவே இரு பக்கக் கம்பிகளையும் பற்றி, ஒரு காலைத் தூக்கி வைத்து, உடம்பை மேலே இழுத்துக்கொண்டார். நடத்துநரின் உள்ளங்கை முதுகுக்கு ஒரு சாண் பின்னால் விரிந்தே இருந்தது. தொடவேயில்லை.

விசில் வாயில் இருக்கிறது, ஊதவில்லை. பின்சீட்டிலிருந்து, "அண்ணா, நேரமாச்சுங்க" என்று ஒரு குரல்.

"ஆத்தா உக்காரட்டும்."

ஓட்டுநரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏறியவுடன் வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இரண்டு எட்டில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை. அதைத் தடுக்க வேண்டியதெல்லாம் பத்து நொடி. ஆத்தா உட்கார்ந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியதும் விசில் ஒலித்தது. பள்ளிச் சீருடையில் நின்ற பையன் ஒருவன் கேட்காமலே கூடையைப் பேனட்டிலிருந்து எடுத்து அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தான். "இருக்கட்டுங் கண்ணு" என்று ஆத்தா அவன் கையில் ஒரு கொய்யாப்பழத்தைத் திணித்தார்.

*

பேருந்து போய்ச் சேரும் கிராமங்களில் பகல் வேளையில் இளைஞர்களைத் தேட வேண்டியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோயம்புத்தூர் மில்களும் அவர்களை அழைத்துக்கொண்டன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். அப்போது நாட்டின் சராசரி 8.6. 2036-ல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் என்பது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்பு. இந்தத் தெருக்களில் அந்தக் காலம் இப்போதே வந்துவிட்டது. வரிசையாக நாலு வீடு, நாலு திண்ணை, நாலு கிழவிகள்.

முதியோர் உதவித்தொகையைத் தமிழ்நாடு 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆனது. முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து எண்ணிக் கொடுப்பார். இப்போது வங்கியின் சார்பில் ஒரு பெண் கைரேகை மிஷினோடு வருகிறார். கரும்பு வெட்டி, களை எடுத்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? மிஷின் மறுக்கிறது. இன்னொரு விரல். மறுக்கிறது. இந்த இடத்தில், "ரேகை விழலை, அடுத்த மாசம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியும். அந்தப் பெண் போகவில்லை. பாட்டியின் கையைத் தன் துப்பட்டாவால் துடைத்து, திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். கட்டைவிரலை ஓரம் திருப்பி வைத்துப் பார்த்தார். நடுவிரலை வைத்தார். ஏழெட்டு முறைக்குப் பிறகு பச்சை விளக்கு எரிந்தது. பணத்தை இரண்டு முறை எண்ணி, "பாட்டி, நீங்களும் ஒருக்கா எண்ணுங்க" என்று கையில் கொடுத்தார். எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பயணம் நெடுகப் பார்த்தது இதைத்தான். அரசின் ஏற்பாடு வாசல்வரை வந்துவிடுகிறது. வாசலுக்கும் பாட்டியின் கைக்கும் நடுவே இருக்கிற தூரத்தை யாரோ ஒருவரின் பொறுமைதான் கடக்கிறது. அந்தப் பொறுமைக்கு எந்த அரசாணையிலும் இடமில்லை, சம்பளமும் இல்லை. அது இல்லாமல் எந்தத் திட்டமும் முடிவதுமில்லை.

மருந்து விஷயத்திலும் அப்படியே. முதியோருக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்ற எண்ணமே நம் நாட்டில் சென்னையில்தான் வேர்பிடித்தது. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். பின்னாளில் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

கொண்டுவரும் தன்னார்வலர் இந்தத் தெருவில் ஒரு வேலை கூடுதலாகச் செய்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குக் காகித உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்து தருகிறார். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை. சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் காலித் தட்டு. கண் மங்கிய ஒரு பாட்டிக்கு அதுவும் தெரியாது. அவருக்கு ராத்திரி உறையில் மட்டும் ஒரு நூலைக் கட்டிக் கொடுத்திருக்கிறார், தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள. "போன மாசம் ரெண்டும் சேர்த்து முழுங்கிட்டாங்க, தலை சுத்தி விழுந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் நூல்" என்கிறார். இதை யாரும் அவருக்குப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

ரேஷன் கடை ஒன்றரை மைல் தள்ளி. இருபது கிலோ அரிசியைச் சுமந்து வர அறுபது வயதுக்காரராலேயே முடியாது. நெடுங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தங்கள் வண்டியில் இவர்கள் மூட்டையையும் சேர்த்து ஏற்றி வந்தார்கள். கைரேகை கட்டாயமான பிறகு அட்டைக்காரரே நேரில் வர வேண்டியிருந்தது. அதனால் மூட்டையோடு பாட்டியையும் பைக்கில் உட்காரவைத்துப் போய்வந்தார்கள். 2025 ஆகஸ்ட் 12 அன்று 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியது. 70 வயதைத் தாண்டியவர்கள் மட்டுமே உள்ள வீடுகளுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்கும் மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறுகளில் எடைத்தராசோடும் கைரேகை மிஷினோடும் வண்டி வரும் என்பது அப்போதைய ஏற்பாடு. தொடக்கத்திலேயே 20 லட்சத்துக்கும் அதிகமான முதியோர் அதில் கணக்கிடப்பட்டார்கள்.

வண்டி வந்த அன்று, விற்பனையாளர் அரிசியை வாசலில் அளந்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருடைய கடமை அங்கே முடிந்தது. தெருவில் இன்னும் ஆறேழு வீடுகள் பாக்கி. அவர் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், "குதிருல கொட்டவா, டிரம்முல கொட்டவாங்காத்தா?" என்று கேட்டுக் கொட்டிவிட்டு, பழைய அரிசியை மேலே வரும்படி புரட்டியும் விட்டார். பருப்புப் பொட்டலத்தின் முடிச்சைத் தளர்த்திக் கட்டினார், கிழவியின் விரலுக்கு அவிழ்க்க வருமாறு.

அதே தெருவில் கடைசி வீட்டுக்கு வண்டி போகவில்லை. அந்த வீட்டுத் தாத்தாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். திருப்பூரில் இருக்கும் மகனின் பெயர் இன்னும் அவருடைய குடும்ப அட்டையிலேயே இருக்கிறது. அதனால் அவர் தனித்து வாழ்பவர் கணக்கில் வரவில்லை. அட்டையில் பெயர் நீக்க வட்ட வழங்கல் அலுவலகத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ போக வேண்டும், செல்போனில் வரும் ஓடிபி எண்ணைச் சொல்ல வேண்டும். அவரிடம் செல்போன் இல்லை. எதிர்வீட்டுப் பெண் திங்கட்கிழமை தன் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு அவரை இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போகப் போவதாகச் சொன்னார். மகனிடம் போனில் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டாராம்.

இப்படிப் பட்டியலில் விடுபட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவரின் குடும்ப அட்டையை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் யார் யார் பெயர் இருக்கிறது, உதவித்தொகை வருகிறதா, ஆதாரில் அவர் கையில் உள்ள செல்போன் எண்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். திருத்த வேண்டியிருந்தால் அவரோடு இ-சேவை மையம்வரை போய் வாருங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. தினமும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். கட்டணம் இல்லை.